7 கோழி, 27 கோழி: கொல்லிமலையில் மார்கழிக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

வழக்கமா இங்க வேலை, சம்பளம், லேஆஃப், ஏஐன்னு பேசிட்டு இருப்போம். இன்னைக்கு கோழி பத்தி. சிரிக்காதீங்க. ஊர்ல இருக்கிற வீட்டுல பத்துக் கோழி வளர்க்கலாமான்னு கேக்குற ஐடி ஆளுங்க நம்மகூட நிறைய பேர் இருக்காங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த எபிசோடு.

எங்க அத்தை கொல்லிமலையில, செம்மேட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு சின்ன ஊர்ல இருக்காங்க. அவங்ககிட்ட 6 பெட்டை, 1 சேவல். எல்லாம் சிறுவிடை நாட்டுக்கோழி. இதை இருபத்தஞ்சாவது ஆக்கணும்னு அவங்களுக்கு ஆசை. "கண்ணு, ஊரான் கம்பெனிக்கெல்லாம் கணக்குப் போடுற. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு"ன்னு கேட்டாங்க. நானும் உக்காந்து போட்டேன். பாதி அவங்க அனுபவம், பாதி கால்நடை மருத்துவர்கள் சொல்ற விஷயம், மிச்சம் என்னோட கூட்டல் கழித்தல்.

இதுல என்ன பெரிய விஷயம்னு தோணலாம். போன கார்த்திகையில அத்தை வீட்டுக்கு மேல இருக்கிற வளவுல ஒரு அக்காவோட கோழி மொத்தமும் ஒரே வாரத்துல போச்சு. பதினஞ்சுக்கு மேல இருக்கும். பொங்கலுக்குச் சேவலை வித்து பொண்ணோட ஹாஸ்டலுக்குப் பணம் கட்டலாம்னு இருந்தாங்க. நமக்கு எமர்ஜென்சி ஃபண்ட் பேங்க்ல இருக்கு. மலையில நிறைய வீட்டுல அது முற்றத்துல மேஞ்சிட்டு இருக்கும். அதனால கோழியைக் கூட்டுறதுன்னா, தொலையக்கூடிய பணத்தையும் கூட்டுறதுன்னு அர்த்தம்.

யூடியூப் குளிர் வேற, நம்ம குளிர் வேற

"குளிர்காலத்துக்குக் கோழியை எப்படித் தயார் பண்ணுறது"ன்னு தேடினா வர்ற வீடியோவுல பாதி அமெரிக்கா, கனடா. தண்ணி உறையாம இருக்க ஹீட்டர், கூண்டுக்கு இன்சுலேஷன், சாயங்காலம் கூடுதல் லைட். அங்க அது தேவை. மினியாப்போலிஸ் மாதிரி ஊர்ல டிசம்பர்ல பகல் பொழுது 9 மணி நேரம்கூட இருக்காது. பகல் சுருங்கினா முட்டை நின்னு போகும், அதனாலதான் லைட் போடுறாங்க.

கொல்லிமலை இருக்கிறது ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சரேகையில. வருஷத்துலயே சின்னப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். பெரிய பகலுக்கும் அதுக்கும் வித்தியாசம் ஒன்னேகால் மணி நேரம்தான். மார்கழியில முட்டை குறையுதுன்னா இறகு உதிர்றது, அடைக்கு உக்கார்றது, மேய்ச்சல் குறையுறதுன்னு மத்த காரணங்களை முதல்ல பாருங்க.

குளிரும் அப்படித்தான். மலை 1000 மீட்டருக்கு மேல இருக்கு. மார்கழி, தையில சில ராத்திரி 15 டிகிரிக்குக் கீழ போகும். நமக்கு ஸ்வெட்டர் வேணும். கோழியோட உடம்பு சூடு 41 டிகிரிக்கு மேல. வளர்ந்த கோழி இறகைச் சிலிர்த்து, உள்ள காத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு, கால் மேல உக்காந்து தூங்கிடும். அந்தக் குளிரை அது சமாளிக்கும். ஆனா இறகு நனைஞ்சா கதை முடிஞ்சுது. நனைஞ்ச இறகுல காத்து நிக்காது.

கொல்லிமலையில குளிர் தனியா வர்றதில்ல. ஐப்பசியில வடகிழக்குப் பருவமழை, கூடவே மூடுபனி, தரை காயவே காயாது. அதுக்கு அப்புறம்தான் மார்கழிக் குளிர். அதனால அத்தைக்கு நான் எழுதிக் குடுத்த முதல் வரி இதுதான்: பயப்பட வேண்டியது ஈரத்துக்கு.

ஒரு நாளைக்கு 4 லிட்டர்

ஈரம் மழையில இருந்து மட்டும் வர்றதில்ல. கோழியில இருந்தும் வருது. ஒரு நாட்டுக்கோழி ஒரு நாளைக்குச் சுமாரா 200 மில்லி தண்ணி குடிக்கும்னு வைங்க. அதுல பெரும்பகுதி எச்சமாவும் மூச்சாவும் வெளிய வந்துடும். 7 கோழின்னா 1.4 லிட்டர். 27 கோழின்னா 5.4 லிட்டர். ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணி கூடுது. அதுல பாதி ராத்திரி நேரத்துல, கதவடைச்ச கூண்டுக்குள்ள.

இப்ப அத்தை வீட்டுல இருக்கிறது மண் சுவர் வச்ச குட்டையான கோழிக்கூடு. ஏழுக்கு அது போதும். அதே கூட்டுல இருபத்தேழை அடைச்சு, மழைக்குப் பயந்து தார்ப்பாயால சுத்தியும் மூடினா என்ன ஆகும்? உள்ள வெதுவெதுன்னு இருக்கும், நமக்கும் திருப்தியா இருக்கும். ஆனா ஈரம் வெளிய போக வழியில்ல. எச்சத்துல இருந்து அமோனியா கிளம்பும். கண்ணுல தண்ணி, மூக்குல சளி, கொர் கொர்னு மூச்சு. ஈரக் கூளத்துல இரத்தக் கழிச்சல் கிருமியும் ரெண்டே நாள்ல தொத்துற நிலைக்கு வந்துடும். வளர்ந்த கோழி தாங்கிக்கும். குஞ்சுகள் தாங்காது.

அதனால இடக் கணக்கு. ராத்திரி தங்க ஒரு கோழிக்கு 2 சதுர அடின்னு வைங்க. 27 கோழிக்கு 54. அதாவது 6 அடிக்கு 9 அடி. உக்கார்ற கம்புல தலைக்கு அரை அடின்னா பதினாலு அடி வேணும், ஏழேழு அடியில ரெண்டு கம்பு போதும். தரையில ஈரம் ஏறுற இடம்னா ரெண்டு, மூணு அடி உயரத்துல பரண் மாதிரி கட்டுறது நல்லது.

நீளப் பக்கம் கிழக்கு மேற்கா இருக்கட்டும். சாரல் வடகிழக்குல இருந்து அடிக்கும், அதனால வடக்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் படுதா. ஆனா படுதாவைக் கீழ இருந்து மேல வரைக்கும் கட்டாதீங்க. கூரைக்குக் கீழ ஒரு அடி எப்பவும் திறந்தே இருக்கணும். கோழி உக்கார்ற உயரத்துல காத்து அடிக்கக் கூடாது, தலைக்கு மேல காத்து ஓடணும். கீழ உமி, தேங்காய் நார்க்கழிவு, கடலைத் தோல், எது சுலபமா கிடைக்குதோ அதை நாலு விரக்கடையாவது போட்டு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கிளறி விடணும்.

ரெண்டு டெஸ்ட் இருக்கு, காசே இல்லாதது. ஒண்ணு, கூளத்தை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிச்சுத் திறங்க. உருண்டையா நின்னா ஈரம் அதிகம், உதிர்ந்தா சரி. ரெண்டு, காலையில கதவைத் திறந்ததும் குனிஞ்சு, கோழியோட தலை உயரத்துல மோந்து பாருங்க. நாம நிக்கிற உயரத்துல நாத்தம் தெரியாது. கீழ கண் எரிஞ்சா, ராத்திரி முழுக்க அது அதைத்தான் சுவாசிச்சிருக்கு.

ஆடி 18ல இருந்து எண்ணுங்க

சரி, 7 எப்படி 27 ஆகுது? சந்தையில இருபது வாங்கிட்டு வந்து விடுறது ஒரு வழி. அதுல என்ன சிக்கல்னு கொஞ்சம் பொறுத்துச் சொல்றேன். அத்தைக்கு நான் சொன்னது, இருக்கிற கோழியையே அடை வைக்கிறது.

நம்ம வேலையில டெட்லைன்ல இருந்து பின்னாடி எண்ணுவோம் இல்லையா, அதே மாதிரிதான். இங்க டெட்லைன் ஐப்பசி மழை. சராசரியா அக்டோபர் 20 வாக்குல வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதுக்குள்ள குஞ்சுக்கு இறகு முழுசா முளைச்சிருக்கணும், எட்டாவது வாரத் தடுப்பூசியும் முடிஞ்சிருக்கணும். எட்டு வாரம் பின்னாடி போனா ஆகஸ்ட் 24. அடை காக்குறது 21 நாள். இன்னும் பின்னாடி போனா ஆகஸ்ட் 3. அது ஆடி 18! செம்மேட்டுல வல்வில் ஓரி விழா நடக்குற நேரம். இதைச் சொன்னதும் அத்தை தேதியெல்லாம் எழுதி வைக்கவே இல்ல. "ஓரி விழாவுக்கு அடை வைக்கணும், அவ்வளவுதானே"ன்னுட்டாங்க.

மூணு பெட்டைக்குத் தலைக்கு 11 முட்டை, மொத்தம் 33. ஒரு வாரத்துக்கு மேல பழசான முட்டை வேண்டாம். கூடையில மணலோ வைக்கோலோ போட்டு, இடிக்குப் பயந்து ஒரு கரித்துண்டும் இரும்பும் போடுறது நம்ம ஊர்ப் பழக்கம், அத்தையும் போடுவாங்க. நான் சேர்த்தது ஒண்ணுதான்: ஏழாவது நாள் ராத்திரி இருட்டுல முட்டைக்குக் கீழ மொபைல் டார்ச் அடிச்சுப் பாக்குறது. கரு உயிரோட இருந்தா சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரியும். ஒண்ணுமே தெரியலைன்னா அது கூமுட்டை, எடுத்துடலாம்.

பத்துக்கு எட்டுன்னு பொரிச்சா 26 குஞ்சு. பருந்து, கீரி, காக்கான்னு போக 20 நிக்கும்னு வைப்போம். அதுல பாதி சேவல். ஆக ஐப்பசியில மொத்தம் 27. ஆவணிக் குஞ்சுக்குப் பொங்கலப்ப இருபது வாரம் ஆகியிருக்கும். கரிநாளுக்கு நாட்டுச் சேவல் கேட்டு வீட்டுக்கே ஆள் வருவாங்க. பத்துச் சேவலை வித்தா மிச்சம் 17.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கோழி எண்ணிக்கை உச்சத்துல இருக்கிறது ஐப்பசியில இருந்து பொங்கல் வரைக்கும். அதாவது சரியா மழையும் பனியும் இருக்கிற மாசங்கள்லதான். சர்வரை சராசரி டிராஃபிக்குக்குக் கட்டினா பண்டிகை சேல் அன்னைக்குப் படுத்துடும் இல்லையா? கூண்டும் அதே கதை. பொங்கலுக்கு அப்புறம் நிக்கப் போற 17க்குக் கட்டக் கூடாது, மார்கழியில நிக்கிற 27க்குக் கட்டணும். அத்தை ஆசைப்பட்ட இருபத்தஞ்சு அடுத்த ஆடியில வரும். அவசரமில்ல.

தாய்க்கோழி இருக்கிற வரைக்கும் குஞ்சுக்கு வேற சூடு தேவையில்ல. ஒரு நாள் குஞ்சா வாங்கி வளர்க்குறவங்களுக்குத்தான் புரூடர். முதல் வாரம் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் கணக்குல பழைய மஞ்சள் குண்டு பல்பு போடணும். எல்இடியில வெளிச்சம் வரும், குஞ்சைக் காப்பாத்துற சூடு வராது. மழைக்காலத்துல மலையில கரன்ட் எத்தனை மணி நேரம் போகும்னு யோசிச்சுட்டு வாங்குங்க. அம்மா கோழிக்கு கரன்ட் பில்லும் இல்ல, பவர் கட்டும் இல்ல.

100 பேருக்கு ஒரு பாட்டில்

இப்ப அந்தச் சந்தைக் கோழி விஷயத்துக்கு வரேன். மேல் வளவு அக்கா சந்தையில ஒரு பெட்டை வாங்கிட்டு வந்து அன்னைக்கே மத்ததோட விட்டிருக்காங்க. அஞ்சாறு நாள்ல அது தூங்கி வழிய ஆரம்பிச்சுது. பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், கழுத்து முறுக்கிக்கிச்சு. அப்புறம் வரிசையா எல்லாம். ஊர்ல இதை வெள்ளைக் கழிச்சல்னு சொல்லுவாங்க. அரசாங்கக் காகிதத்துல கோழிக் கழிச்சல் நோய். புத்தகத்துல ராணிக்கேத். 1920களோட கடைசியில இமயமலை அடிவாரத்துல ராணிக்கேத்ங்கிற மலை ஊர்ல இந்த நோயைப் பதிவு பண்ணினதால அந்தப் பேர். வெளிநாட்டுல இதையே நியூகாசில் நோய்னு சொல்றாங்க. இது வைரஸ். வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. வராம தடுக்கத்தான் முடியும்.

தடுப்பூசி ரொம்ப காலமா இருக்கு. முதல் வாரத்துல கண்ணுலயும் மூக்குலயும் சொட்டு, நாலாவது வாரம் மறுபடி, எட்டாவது வாரம் இறக்கைப் பக்கம் தோலுக்கு அடியில ஊசி. பெரும்பாலும் இதுதான் அட்டவணை, உங்க டாக்டர் சொல்றதைக் கேளுங்க. ஓடிப் பிடிச்சு ஊசி போட முடியாத மேய்ச்சல் கோழிக்காகவே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனி மாதிரி கொடுக்கிற குருணை மருந்தும் உருவாக்கியிருக்கு.

அப்புறம் ஏன் மலையில கோழி சாகுது? ரெண்டு நடைமுறைப் பிரச்சனை. மருந்து 2ல இருந்து 8 டிகிரி குளிர்லயே இருக்கணும். காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற வரைக்கும் ஐஸ் உருகக் கூடாது. ரெண்டாவது, ஒரு குப்பி பெரும்பாலும் 100 டோஸ், இல்ல அதுக்கும் மேல. கலக்கினா ஓரிரு மணி நேரத்துல தீர்க்கணும். ஏழு கோழிக்காக யாரு ஒரு குப்பியை உடைப்பா?

அடிவாரத்துல இருக்கிற நாமக்கல் பண்ணைகள்ல தினமும் கோடிக்கணக்குல முட்டை உற்பத்தி ஆகுது. அங்க ஒரே ஷெட்டுல ஆயிரக்கணக்குல கோழி இருக்கும், குப்பி வீணாகுற பேச்சே இல்ல. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985ல இருந்து அங்கதான் இருக்கு. ஆக மருந்தும் அறிவும் பக்கத்துலயே இருக்கு. ஆனா முற்றத்துக் கோழிக்கு அது வந்து சேரணும்னா ஊர் ஒண்ணு சேரணும்.

நாங்க செஞ்சது இதுதான். அத்தை வளவுல இருக்கிற வீடுகளோட கோழி மொத்தத்தையும் ஒரு நோட்டுல எழுதினோம். குஞ்சும் சேர்த்து நூறை ஒட்டி வந்துது. அரசு கால்நடை மருந்தகத்துல பேசி ஒரே நாள் காலையில, கூண்டைத் திறக்குறதுக்கு முன்னாடியே எல்லா வீட்டுக்கும் போட்டாச்சு. இது தானதர்மம் இல்ல. பக்கத்து வீட்டுக் கோழியும் நம்ம கோழியும் ஒரே குப்பையைத்தான் கிளறுது. அதுக்குப் போடாம நமக்கு மட்டும் போட்டா பாதிப் பாதுகாப்புதான். பிப்ரவரியில அரசாங்கம் நடத்துற இருவார தடுப்பூசி முகாமையும் விடாதீங்க. ஆனா ஆவணிக் குஞ்சு அது வரைக்கும் காத்திருக்க முடியாது, மழை முன்னாடியே வந்துடும்.

புது ஆளுக்கு மூணு வாரம்

வெளிய இருந்து ஒண்ணுமே வாங்கக் கூடாதான்னா, ஒரு சேவல் மட்டும் வாங்கித்தான் ஆகணும். ஒரே சேவல், அதோட பிள்ளை, பேரன்னு போனா வம்சம் நலியும். வேற ஊர்ல இருந்து சேவல் மாத்திக்குங்க. ஆனா வந்ததும் மூணு வாரம் தனிக் கூண்டு. தனித் தண்ணி, தனித் தீனி. முதல்ல பழைய கோழிக்குத் தீனி வச்சுட்டு, கடைசியாத்தான் புதுசுகிட்ட போகணும். சந்தைக்குக் கொண்டு போய் விக்காம திரும்பி வந்த நம்ம கோழியும் புதுக் கோழிதான். அதுக்கும் இதே மூணு வாரம்.

இன்னொண்ணு, சொல்லக் கஷ்டமா இருந்தாலும் சொல்லணும். ஒரு கோழி தூங்கி வழிஞ்ச உடனே "மிச்சத்தையாவது வித்துடலாம்"னு சந்தைக்குக் கொண்டு போறது நடக்குது. கையில காசில்லாத வீட்டுல அந்த அவசரம் எனக்குப் புரியுது. ஆனா அந்தக் கோழிதான் அடுத்த ஊர்ல இன்னொரு அக்காவோட ஹாஸ்டல் பணத்தைக் கொல்லுது. செத்ததை ஓடையில வீசாம, ஆழமாக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. டாக்டருக்குச் சொல்லுங்க.

மொத்தமா குஞ்சு குடுத்து நாங்களே திரும்ப வாங்கிக்கிறோம்னு வர்ற ஆஃபர் பத்தியும் ஒரு வார்த்தை. 2012ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கு என்ன ஆச்சுன்னு வீட்டுல பெரியவங்களைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

தீனியும் ராத்திரியும்

பனி விலகாம கோழியை வெளிய விட மாட்டோம், அதனால மேயுற நேரம் குறையும். குளிர்ல பசியும் கொஞ்சம் கூடும். சாயங்காலம் அடையுறதுக்கு முன்னாடி ஒரு கை தானியம் கூடப் போடுங்க: கேழ்வரகு, சாமை நொய், உடைச்ச மக்காச்சோளம், எது இருக்கோ அது. குஞ்சுக்குக் கரையான். பழைய பானையில சாணி, நனைச்ச கிழிஞ்ச சாக்கு, ஓலை போட்டு ராத்திரி புத்துப் பக்கம் கவுத்து வச்சா காலையில கரையான் ஏறியிருக்கும். நல்ல புரதம், இலவசம். தீனி மூட்டையைத் தரையில வைக்காம பலகை மேல வைங்க. பூசணம் பிடிச்ச சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் கோழிக்குப் போடாதீங்க, அதுல இருக்கிற நஞ்சு ஈரலைத்தான் முதல்ல பாதிக்கும்.

கோழி கூடினா மோப்பம் பிடிச்சு வர்றதும் கூடும். கீரி, மரநாய், காட்டுப்பூனை, பாம்பு. பெரிய கண்ணி வலை வேண்டாம், அரை இஞ்ச் கம்பி வலை அடிங்க. சுத்தியும் கல் பதிச்சாத்தான் தோண்டி வராது. மார்கழியில ஆறு மணிக்கே இருட்டிடும், பனி இறங்கினா அதுக்கும் முன்னாடி. அஞ்சே முக்காலுக்கு எண்ணிக் கதவடைக்கணும். அத்தை இப்ப எண்ணி முடிச்சதும் எனக்கு வாய்ஸ் நோட் போடுறாங்க. சில நாள் வெறும் நம்பர் மட்டும்தான் இருக்கும்.

ஊர்ல அம்மா, ஆயா யாராவது கோழி வளர்க்குறாங்கன்னா இந்த வாரம் ஒரு போன் போட்டு மூணு கேள்வி கேளுங்க. எத்தனை கோழி இருக்கு? கடைசியா எப்ப தடுப்பூசி போட்டீங்க? பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டாச்சா? மூணாவது கேள்விக்குப் பதில் தெரியலைன்னா நோட்டு எடுக்கிற வேலையை நீங்க ஆரம்பிங்க. போன்லயே செய்யலாம், லீவு கூடத் தேவையில்ல.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.